மாடிக்குப் போன குளியலறை

ஒட்டடைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்து மூக்கம்மா சமையலறைக் கூரையை நாலு இடி இடித்தாள். ஐந்தாவதுக்குக் கம்பை ஓங்கும்போது மேலேயிருந்து ஒரு சொட்டு பிரிந்து வந்து நேராக அவளுடைய கண்ணாடியில் விழுந்தது.

"சீ! கருமம், கருமம்!"

கண்ணாடியை விரல் நுனியால் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டு போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். மற்றவர்களுக்கு அது ஒரு சொட்டுத் தண்ணீர். அவளுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மாடியில் தம்பி குளிக்கிற தண்ணீர். அவன் அக்குளையும் இடுப்பையும் கழுவிக்கொண்டு, தரையில் கிடக்கிற முடியைத் தொட்டுக்கொண்டு, தண்ணீர் இறங்குகிற சல்லடைப் பக்கம் போகச் சோம்பல்பட்டு, டைல்ஸ் இடுக்கில் நுழைந்து, சிமெண்டில் ஊறி, அவளுடைய அடுப்புக்கு மேலே வந்து தொங்குகிற தண்ணீர். ஒன்பது வருஷமாகத் தொங்குகிறது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மேலே ஏதோ தொப்பென்று விழுந்தது. வாளியைத் தள்ளிவிட்டிருப்பான் என்று நினைத்தாள். அதிலிருந்துதான் சொட்டு வேகம் பிடித்தது.

நாலு இடி என்றால் 'ஒழுகுது, குழாயை மூடு' என்று அர்த்தம். தம்பி சில நாள் மூடுவான். சில நாள் வேண்டுமென்றே இன்னும் இரண்டு குவளை அள்ளி ஊற்றுவான். இன்றைக்குப் புதிதாக ஒன்று செய்தான். பதிலுக்குத் தட்டினான்.

டொக். டொக்.

மூக்கம்மா கம்பைப் பிடித்தபடி நின்றாள். "திமிரைப் பாரு" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி இடித்தாள். மறுபடி அதே பதில். டொக். டொக். அவசரமே இல்லாமல், கிண்டல் பண்ணுகிற மாதிரி.

"தட்டு, தட்டு! நல்லாத் தட்டு! நீ தட்டுறதுக்கெல்லாம் நான் பயந்துடுவேனா?" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். ஒன்பது வருஷத்தில் அவள் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கத்திய வேகத்தில் கம்பை ஓங்கி ஒரு குத்து விட்டதில் காரை பெயர்ந்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பாலில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாலில் மஞ்சளாகக் கரைந்தது. பாலைக் கொட்டினாள். பாத்திரத்தையும் குப்பையில் போட்டாள்.

மேலே இன்னும் ஒரு டொக் கேட்டது. அப்புறம் இல்லை.

"அடங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டு கம்பை மூலையில் சாத்தினாள்.

அவளுக்கு மூக்கம்மா என்று பெயர் வைத்தது பிஸ்கட் தொழிற்சாலை. இருபத்தாறு வருஷம் அங்கே ஓடுகிற பட்டைக்கு முன்னால் நின்று, உடைந்தது, கருகியது, முடி ஒட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கிற வேலை. மாவு மூட்டையை எலி மோந்து பார்த்திருந்தால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அங்கே பேச்சு. அருவருப்பு அவளோடு கூடப் பிறந்தது. சம்பளம் கொடுத்து அதை வளர்த்துவிட்டார்கள். பேசி முடித்த மாப்பிள்ளை, காப்பியில் விழுந்த ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடித்ததைப் பார்த்து, அன்றைக்கே அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றவள். அப்புறம் வேறொன்றும் கூடி வரவில்லை.

அப்பா போனபின் கீழ்வீடு அவளுக்கும் மாடி தம்பிக்கும் என்று ஆயிற்று. தம்பி மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லார் வீட்டு வாசலையும் மிதித்தவன். சொந்த வீட்டில் ஒரு சிக்கல். கக்கூஸும் குளியலறையும் கீழே, வீட்டின் பின்கோடியில். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், சந்து கிடையாது. மாடிக்காரர்கள் போக வேண்டுமென்றால் மூக்கம்மாவின் வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். துண்டும் சோப்புமாகப் போய், தலையில் நீர் சொட்டச் சொட்டத் திரும்புவார்கள். தம்பி வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு வாரம் அவள் சமைக்கவே இல்லை, ரொட்டி வாங்கித் தின்றாள். ஒருநாள் தம்பி மனைவி ஈரக்காலோடு கடந்தபோது வாய் நிற்கவில்லை.

"நான் சோறு பொங்குற இடம் இது. சோப்புப் பெட்டியத் தூக்கிட்டு தினம் ஊர்வலம் போறீங்களே, குமட்டுதும்மா எனக்கு."

மூன்று நாள் தம்பி மனைவி அந்தப் பக்கம் வரவில்லை. அவள் வேலை பார்த்த துணிக்கடையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டாள் என்பது பின்னால் தெரிந்தது. நாலாம் நாள் தம்பி மேஸ்திரியைக் கூட்டி வந்தான்.

கீழே இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஒரு குளியலறையைக் கொண்டு போக என்ன ஆகும் என்று மேஸ்திரி ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். குழாய், கக்கூஸ் பீங்கான், தடுப்புச் சுவர், கழிவு இறங்க இரும்புக் குழாய் என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் 'ஒழுகாமல் இருக்க அடிப்பூச்சு' என்று நின்றது. தம்பியின் சேமிப்பு பாதித் தாளில் தீர்ந்தது. மனைவியின் வளையல் இரண்டும் கடைக்குப் போய்ப் பீங்கானாகவும் குழாயாகவும் வீடு திரும்பின. கடைசி வரிக்கு ஒன்றும் மிச்சமில்லை. தம்பி அதைப் பேனாவால் அடித்தான்.

"தண்ணிக்கு நாம சொன்னாப் புரியாதுங்க" என்றார் மேஸ்திரி. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான் தம்பி.

முதல் மாதமே கூரையில் ஈரம் படர்ந்தது. மூக்கம்மா மாடிப்படியின் கீழே நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "உன் சாக்கடைய என் சோத்துல ஊத்துறியேடா, நீ மனுஷனா?" தம்பி மேல்படியில் நின்றான். "யாருக்காகக்கா மேல கொண்டு போனேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். அதுதான் கடைசிப் பேச்சு.

அந்த ஈரத்துக்குக் கீழேதான் இன்றைக்கும் வாளியை வைத்தாள். இரண்டு தரம் அது நிரம்பியதும் கொட்டினாள். வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான் என்று நினைத்து, ஒவ்வொரு தரமும் வாளியை ஒரு கையால் தூரத்தில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டுபோனாள். மத்தியானம் ரொட்டிதான்.

இரண்டு மணிக்குத் தம்பி மனைவி கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தாள். படியேறுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டுகிற சத்தம். "என்னங்க... என்னங்க..." முதலில் சாதாரணமாக, பிறகு வேகமாக. பிறகு அவள் தடதடவென்று இறங்கித் தெருவுக்கு ஓடியதை மூக்கம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பும்போது கூட மேஸ்திரி வந்தார், கையில் கடப்பாரையோடு.

கடப்பாரை விழ விழ மேலே மேஸ்திரியின் குரல் கேட்டது. "நான் வெச்ச கதவும்மா இது. அசல் மரம். லேசுல விடாது." நாலாவது அடியில் விட்டது.

தம்பி மனைவி கத்தவில்லை. அதுதான் மூக்கம்மாவை எழ வைத்தது. ஒன்பது வருஷமாக மிதிக்காத படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தம்பி பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தான். இடுப்பில் துண்டு பாதி. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. குழாய் திறந்தே இருந்தது. அவன் கால்மேல் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி எட்டி அதை மூடினார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் நாற்றம் எழுந்தது. உயிர் போகிற நேரத்தில் அவனுக்கு வயிறு கழிந்திருந்தது. மேஸ்திரி தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து போன் பேசினார்.

"டாக்டருக்குச் சொல்லிட்டேம்மா. அவரு மகனுக்கும் சொல்லச் சொல்லிட்டேன். ஆனா இப்படியே... ஆளுங்க வந்துடுவாங்க. யாராவது கழுவி விட்டா..." என்று இழுத்தார். "நான் சாக்கடையில எறங்குறவன்தான். இருந்தாலும் இது எனக்கு வயித்தப் பொரட்டுது."

தம்பி மனைவி படுக்கையறை வாசலில் கடைப் பையைத் தோளிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கிற நிலையில் இல்லை.

"நான் பாத்துக்கறேன். எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்றாள் மூக்கம்மா.

மேஸ்திரி அவளை ஒரு மாதிரி பார்த்தார். தெருவில் எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். இந்தக் குளியலறையை அவள் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஒரு ஆள் நின்று திரும்புகிற அளவுதான் இடம். டைல்ஸ் இரண்டு நிறத்தில் இருந்தது. ஒரே நிறத்தில் வாங்கக் கட்டுப்படியாகவில்லை போல. மூலையில் பல்செட்டு மூழ்கிய டம்ளர், அதில் மிதந்த வெள்ளை ஏடு, பல் தேய்ந்த சீப்பு, சல்லடையில் சுருண்ட நரைமுடி. இத்தனை வருஷம் கீழே இருந்து அவள் நினைத்து நினைத்துக் குமட்டியதெல்லாம் வரிசையாக இருந்தது. நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

குனிந்ததும் வாந்தி வந்தது. பீங்கானிலேயே எடுத்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி குனிந்தாள்.

வலது கைக்கு வந்தபோதுதான் பார்த்தாள். அவன் அதில் எவர்சில்வர் குவளையைப் பிடித்திருந்தான். விளிம்பு ஓரிடத்தில் உள்பக்கமாக நசுங்கியிருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் டைல்ஸ் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. ஒரு அடியில் பெயர்கிறது அல்ல அது.

மூக்கம்மா தரையைப் பார்த்தாள். இதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

வெளியே மேஸ்திரி முதுகைத் திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். சும்மா நிற்க முடியாதவர். "போன மாசம்கூட கூப்பிட்டாரும்மா. தரையை உடைச்சு ஒழுகாம திரும்பப் போட என்ன ஆகும்னு கேட்டாரு. அப்ப ஆனதுல பாதி ஆகும்னேன். சரி, பென்ஷன்ல பிடிச்சுக் குடுத்துடறேன்னாரு. ஆனா கீழேருந்தும் உடைக்கணும், உங்கக்கா அடுப்படியில சாரம் கட்டணும்னேன். சிரிச்சாரு. 'அவ விடமாட்டா மேஸ்திரி, தூசி விழும்பா'ன்னுட்டாரு. அதோட விட்டுட்டோம்."

மூக்கம்மா தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டு விரல் மட்டும் வர மறுத்தது. குவளையைக் கழுவி, நசுங்கின பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாடத்தில் கவிழ்த்தாள். பெயர்ந்த சில்லுகளைக் கையால் கூட்டிச் சல்லடைக்குள் தள்ளினாள். இதைச் செய்தபோதும் அவளுக்குக் குமட்டியது. ஆனால் இந்தக் குமட்டலுக்கு வாந்தி வரவில்லை.

பிறகு அவனைக் கழுவினாள். முதுகு, தொடை, தொடையிடுக்கு. சோப்பைக் கையில் குழைத்துப் பூசி, குடம் குடமாக ஊற்றினாள். ஊற்றுகிற தண்ணீர் இப்போது எங்கே சொட்டிக்கொண்டிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும். அடுப்பு மேடை, அஞ்சறைப் பெட்டியின் மூடி, கவிழ்த்து வைத்த தட்டுகள். மூன்று தரம் ஊற்றினாள்.

டாக்டர் வந்தபோது அவன் கட்டிலில் வெள்ளைத் துணிக்குள் இருந்தான். டாக்டர் இமையைத் தூக்கினார், தாடையை அழுத்தினார், இடது கையைத் தூக்கிவிட்டார்.

"பக்கவாதம். வாய் இழுத்திருக்கு, கத்த முடிஞ்சிருக்காது. காலைல பத்து, பத்தரைக்கு விழுந்திருக்கணும்."

"உடனே போயிட்டாரா?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். "உடனே போயிருக்காதும்மா. கொஞ்ச நேரம் நினைவு இருந்திருக்கும். வீட்ல யாரும் இல்லியா?"

"கீழ அண்ணி இருந்தாங்க."

இரண்டு பேரும் மூக்கம்மாவைப் பார்த்தார்கள்.

"மிக்ஸி ஓடிட்டிருந்தது" என்றாள் அவள். "ஒண்ணும் கேக்கல."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதினார். அவர் போனபின் தம்பி மனைவி அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். ஈரம் இன்னும் காயவில்லை.

"ரெண்டு மாசமா அவருக்கு கை மரமரங்குதுன்னு சொல்லிட்டிருந்தாரு" என்றாள், யாரிடமோ பேசுகிற மாதிரி. "தனியா விட்டுட்டு எப்பிடிங்க வேலைக்குப் போறதும்பேன். 'அட போடி, கீழ அக்கா இருக்கா. ஒரு சொட்டு விழுந்தாலே அவளுக்குக் கேக்கும். நான் விழுந்தா கேக்காதா'ம்பாரு. தினம் இதையே சொல்லித்தான் அனுப்புவாரு."

மூக்கம்மா தன் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிச் செய்வது தெரிந்ததும் கையை மடியில் புதைத்தாள்.

"அண்ணி, நீங்கதான் அவரைக் கழுவினீங்களாமே. மேஸ்திரி சொன்னாரு." தம்பி மனைவியின் குரல் உடைந்தது. "நீங்க போய்... எப்பிடி அண்ணி?"

கேட்டுக்கொண்டே மூக்கம்மாவின் தோளில் தலையை வைத்து அழுதாள். மூக்கம்மா ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். நன்றி சொல்லி அழுகிற ஒருத்தியின் கண்ணீர் ரவிக்கையில் ஊறி உடம்பில் ஒட்டுவதைப் போல ஓர் அசிங்கத்தை அவள் இதுவரை அனுபவித்ததில்லை.

மகன் பொழுது சாயும் நேரத்தில் வந்தான். வெளியூரில் லாரி அலுவலகத்தில் வேலை, முப்பது வயது. மறுநாள் காலை எடுப்பது என்று முடிவாயிற்று. விடிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாடியில் கதவு உடைந்த குளியலறைக்குள் போக எல்லாரும் தயங்கினார்கள்.

"அத்தை, கீழ போகட்டுமா எல்லாரும்?" என்று கேட்டான் மகன்.

"போகட்டும்."

அன்று காலை முழுவதும் அவளுடைய சமையலறை வழியாக ஆட்கள் போனார்கள், வந்தார்கள். அவளுக்குப் பெயர் தெரியாதவர்கள், மீட்டர் ஆபீஸ்காரர்கள், துணிக்கடைப் பெண்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒருவர் போகிற போக்கில் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக் கூரையை அண்ணாந்து பார்த்து, "ஐயோ, இவ்ளோ ஒழுகுதா?" என்று கேட்டார். அவள் வாசல்பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. மாடிப்படி குறுகல். நாலு பேர் பக்கவாட்டில் சாய்த்துத்தான் அவனை இறக்கினார்கள். மேஸ்திரி கீழே நின்றுகொண்டு "இடதுபக்கம், இடதுபக்கம், சுவத்துல படுது" என்று வழி சொன்னார். வண்டியின் உள்ளே பக்கத்துக்கு ஒருவர் உட்காரத்தான் பலகை இருந்தது. மகன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். தம்பி மனைவி ஒரு பக்கம் ஏறினாள்.

"இன்னொருத்தர் யாரு வர்றது?" என்றார் டிரைவர்.

"அண்ணி, நீங்க ஏறுங்க."

மூக்கம்மா சுற்றிப் பார்த்தாள். யாரும் முந்தி வரவில்லை. ஏறினாள்.

தம்பி நல்ல உயரம். அவனைக் கிடத்திய பலகை நீளம் பத்தவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பியபோது துணி விலகி அவனுடைய பாதம் வெளியே வந்து அவள் முழங்காலில் இடித்தது. அடுத்த திருப்பத்திலும் இடித்தது. வெடித்த குதிகால், மஞ்சள் நகம். தம்பி மனைவி கண்ணை மூடி ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தாள்.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த இடத்தை அலசாமல் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. மூக்கம்மா அதையே கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டியில் தண்ணீர் இல்லை.

முந்தானையின் நுனியை வாயில் வைத்து எச்சிலால் ஈரமாக்கினாள். பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்த இடுக்கைத் துடைக்க ஆரம்பித்தாள்.